புதன்கிழமைக்கு ஸ்பெல்லிங்

ஹாஃபிஸா என்று பெயர் வைத்தவர் அவளுடைய அத்தா. குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவள் என்று அர்த்தம். பெயரை முதலில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மீதிப் பாதி நடக்கவில்லை. மளிகைக் கடையில் வாங்கி வரச் சொன்ன நாலு சாமானில் மூன்றாவது சாமான் அவளுக்கு எப்போதும் மறந்துபோகும். ஆனால் ஆறு வயதில் ஓதுகிற பள்ளியில் உஸ்தாதோடு சேர்ந்து ராகம் போட்டு ஓதியதில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. சாமான் பேரையும் ராகம் போட்டுச் சொல்லி அனுப்பினால் மறக்காது என்று தாயாரிடம் சொல்லிப் பார்த்தாள். அதன் பிறகு கடைக்குத் தம்பியை அனுப்பத் தொடங்கினார்கள்.

பிளஸ் டூவும் ஆசிரியர் பயிற்சியும் முடித்த கையோடு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஃபாஜிலுக்கு சவுதியில், தம்மாமில் வேலை. விருந்துகள் முடிவதற்குள் லீவு முடிந்துவிட்டது. அவன் போன பிறகு, பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் சாலையை ஒட்டிய அந்த ஊரில், மாடி வைத்த புது வீட்டில், ஹாஃபிஸாவும் மாமியார் ரசியா பேகமும் மட்டும் இருந்தார்கள். இருவருக்கும் பேச விஷயம் ஒன்றுதான் இருந்தது. அது தம்மாமில் இருந்தது.

அதனால்தான் ஹபீப் முகம்மதுவின் பள்ளியில் டீச்சர் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஹாஃபிஸா மாமியாரிடம் போய் நின்றாள். ரசியா பேகம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போ. வேணாங்கல. ஆனா ஒண்ணு புள்ள. உன்னப் பத்தி ஒரு பேச்சு இந்த வாசலுக்கு வந்துச்சு, அன்னையோட நிறுத்திடணும்."

"வராது மாமி."

"வந்தா?"

"நிறுத்திடுறேன்."

இப்படியாகத்தான் அவளுக்கு ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை வாய் கிடைத்தது. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

ஹபீப் முகம்மது குவைத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சண்டை வந்த வருஷம் ஒரு சூட்கேஸோடு திரும்பினார். சூட்கேஸில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோய், உச்சரிப்பு மட்டும் மிஞ்சியது. அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, மூடிக்கிடந்த ரைஸ்மில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நியூ பேர்ல் நர்சரி அண்ட் பிரைமரி ஸ்கூல் என்று போர்டு மாட்டினார். நெல் காயப்போட்ட களம் விளையாட்டு மைதானம் ஆனது. கட்டடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் தவிடு ஒட்டும். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். ஊரில் பாதி வீட்டில் அப்பா என்பவர் வெள்ளிக்கிழமை போனில் வருகிறவராக இருந்தார். போனில் வரும்போதெல்லாம் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கிலீஷ் பேசுதா என்பதுதான்.

பாட்டுப் பாடினால் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சீக்கிரம் ஏறும் என்று யாரோ சொல்லி, ஹபீப் முகம்மது மெட்ராஸிலிருந்து ஒரு கேஸட் வாங்கி வந்திருந்தார். அதில் எல்லாப் பாட்டும் பனியைப் பற்றியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆனி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பனி விழுவதைப் பாடினார்கள். பனி என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டதற்கு, ஹாஃபிஸா மார்கழியில் மூக்கை அடைக்குமே அது என்று சொன்னாள். பிறகு அவளுக்கே அது சரியில்லை என்று பட, கேஸட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்குத் தெரிந்த ராகம் எது என்று தேட ஆரம்பித்தாள்.

தனியார் பஸ் கண்டக்டர் "அய்யம்பேட்ட பாவநாசம் சுந்தரபெருமாகோயில் தாராசுரம் கும்மோணம்" என்று ஒரே மூச்சில் கூப்பிடுகிற மெட்டில் இங்கிலீஷ் எழுத்துகளைப் போட்டாள். அது நன்றாகவே ஓடியது. அடுத்து, மீன் ஏலம் விடுகிற மெட்டில் வாய்ப்பாட்டைப் போட்டாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று பிள்ளைகள் உற்சாகமாகப் பாடினார்கள். ஆனால் மூணு தரத்துக்கு மேல் போக மறுத்துவிட்டார்கள். ஏலம் முடிந்துவிட்டது என்றார்கள். அதை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

பிறகுதான் புதன்கிழமை வந்தது.

அதுவரை புதன்கிழமையால் அந்த ஊரில் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. எல்லோரும் அதை வெட்னஸ்டே என்றுதான் சொன்னார்கள். சொன்னபடியே எழுதினால் எழுத்தெல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். ஒருநாள் வராந்தாவில் நடந்துபோன ஹபீப் முகம்மதுவின் காதில் அது விழுந்தது. அவர் வாசலில் நின்றார்.

"டீச்சர், அந்த டி-ய யாரு உள்ள விட்டது?"

"அது ஸ்பெல்லிங்லயே இருக்கு சார்."

"இருக்கும். எழுதணும். சொல்லக் கூடாது. வென்ஸ்டே. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

வகுப்பே சொன்னது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார். சரியான உச்சரிப்பு வந்த அன்றைக்கே சரியான ஸ்பெல்லிங் போய்விட்டது. மறுநாள் டிக்டேஷனில் மொத்த வகுப்பும் டி இல்லாமல் எழுதியிருந்தது. குந்தவை மட்டும் டி-யை எழுதி, அதன் மேல் ஒரு கோடு அடித்திருந்தாள்.

"ஏன் அடிச்ச?"

"சார் சொல்லக் கூடாதுன்னாங்கள்ல டீச்சர்."

குந்தவை, பள்ளிக்குப் பின்னால் இருக்கிற வயல்காரர் வைத்தியலிங்கத்தின் பேத்தி. அவள் செய்ததில் நியாயம் இருந்தது. வாயில் வரக் கூடாத எழுத்தைப் பிள்ளைகள் எங்கே வைத்துக்கொள்வார்கள்? ஹாஃபிஸா பஸ் மெட்டில் போட்டுப் பார்த்தாள். யாரும் இறங்காத ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போவது போல, டி-யை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அது சம்பா நடவு சமயம். ரைஸ்மில்லின் பின்பக்க ஜன்னல் வைத்தியலிங்கத்தின் வயலைப் பார்த்து இருந்தது. காலையில் பெண்கள் கூட்டமாக நடும்போது கேலியும் பாட்டும் சிரிப்புமாக இருக்கும். மத்தியானம் மற்றவர்கள் டீ குடிக்க வரப்பில் ஏறிய பிறகு, ராமாயி என்கிற ஒருத்தியின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். வார்த்தைகள் ஜன்னல்வரை வராது. ராகம் மட்டும் வரும். மெதுவாக ஏறும். உச்சியில் ஓரிடத்தில் நின்று, தொண்டை அடைத்து, ஒரு விம்மல். அப்புறம் சரசரவென்று இறங்கும்.

அந்த விம்மலைக் கேட்டதும் ஹாஃபிஸா சாக்பீஸைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் ஓர் எழுத்து உட்கார அளவெடுத்த மாதிரி அங்கே இடம் இருந்தது.

நடவுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டாள். நாற்றை ஊன்றக் குனிகிற இடத்தில் மூச்சு அப்படி நிற்கும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டாள். அவள் வளர்ந்த தெருவில் சாவு விழுந்த மய்யித்து வீட்டில் யாசீன் ஓதுவார்கள். வாய்விட்டுப் பாடி அழக் கூடாது. அப்படி அழுகிற வழக்கம் மற்ற தெருக்களில் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் சினிமாவில் பார்த்திருந்தாள். சினிமாவில் அது வேறு மாதிரி இருந்தது.

"டபிள்யூ... ஈ..." என்று ஏறி, தோள் குலுங்க ஒரு விம்மல். அதுதான் டி. அப்புறம் "என் ஈ எஸ் டி ஏ ஒய்" என்று ஒரே சரிவாக இறக்கம். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்கப் பிடித்துக்கொண்டது. குந்தவை, யாரும் சொல்லாமலே, விம்மும்போது வலது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பார்க்க நன்றாக இருந்ததால் ஹாஃபிஸா எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னாள். பிப்ரவரியில் ஒளிந்திருக்கும் முதல் ஆர் எழுத்தையும் அதே இடத்தில் உட்கார வைத்தாள்.

மாதத் தேர்வில் டிக்டேஷன். பேசக் கூடாது என்பதால் பிள்ளைகள் வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுதினார்கள். ஓரிடம் வந்ததும் அத்தனை தோள்களும் ஒன்றாகக் குலுங்கின. மேற்பார்வைக்கு வந்த ஹபீப் முகம்மது பயந்துவிட்டார்.

"என்ன டீச்சர், எல்லாருக்கும் விக்கலா?"

"ஸ்பெல்லிங் சார்."

பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் டி இருந்தது. "குட்" என்றார். அவர் யாரையும் பாராட்டி ஹாஃபிஸா அதுவரை கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, பிரேயர் முடியுமுன் வைத்தியலிங்கம் பள்ளிக்கு வந்தார். சட்டை போட்டிருந்தார். வயலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர் இல்லை, பேச வந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. ஹபீப் முகம்மதுவின் அறையில் நாற்காலியில் உட்காராமல் நின்றார். ஹாஃபிஸாவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"பாய், நான் சண்டைக்கு வரல. இந்த டீச்சர ஒண்ணு கேக்கணும். எம் பையன் உசுரோட இருக்கானா இல்லியா?"

"என்ன பேசுறீங்க? ராஜ்குமார் நேத்து குவைத்துக்குக் கெளம்பிட்டாப்லன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஹபீப் முகம்மது.

"கெளம்பினான். எங்க கெளம்பினான்? வேன் வாசல்ல நிக்குது. எலுமிச்சம்பழம் டயருக்கடியில வச்சாச்சு. பக்கத்து வீட்டு அமிர்தத்த நெறகொடத்தோட எதுக்க வரச் சொல்லி, அதுவும் தெரு மொனையில ரெடியா நிக்குது. எல்லாஞ் சரியாத்தான் இருந்துச்சு. இவன் சும்மா போகப்படாதா? மகளக் கூப்புட்டு, 'இன்னைக்கு என்ன கெழமம்மா? இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் சொல்லு, மாமால்லாம் கேக்கட்டும்'ங்குறான்."

ஹாஃபிஸாவுக்கு அதுவரை பயம் வரவில்லை. நேற்று புதன்கிழமை. குந்தவை சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

"சரியாச் சொல்லுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

வைத்தியலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

"நடு வாசல்ல நின்னுக்கிட்டு, மூஞ்சியப் பொத்திக்கிட்டு, அப்பன் மூஞ்சிக்கு நேரா ஒப்பாரி வச்சுது டீச்சர். எங்க வீட்டுப் பொம்பளைங்கல்லாம் மரம் மாதிரி நின்னுட்டாங்க. எதுக்க வந்த அமிர்தம் இருக்கே, அது பழக்க தோஷத்துல கொடத்தக் கீழ எறக்கி வச்சுட்டு, கொண்டைய அவுத்துட்டு, ரெண்டாவது அடியப் பாட வாயத் தொறந்துடுச்சு. நாந்தான் ஓடிப் போயி வாயப் பொத்துனேன்."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன? எம்மவன் ஷூவக் கழட்டிட்டான். போகலன்னுட்டான். ஏஜென்ட்டு போன் மேல போன் போடுறான். அடுத்த புதன்கெழம இன்னொரு பிளைட்டு இருக்காம். இவன் சகுனம் சரியில்லங்குறான். நீங்க வந்து, அது ஒப்பாரி இல்ல, வேற ஏதோ பாட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க டீச்சர். நீங்கதான் கத்துக் கொடுத்தவங்க. நீங்க சொன்னா அவன் கேட்டுத்தான் ஆகணும்."

அவர் போன பிறகு ஹபீப் முகம்மது மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"ஒப்பாரியா டீச்சர் அது?"

"நடவுப் பாட்டுன்னு நெனச்சேன் சார்."

"அப்ப அதையே போய்ச் சொல்லிடுங்க. சொன்னா முடிஞ்சுது. இல்லன்னா இந்தப் பேச்சு ஊரு பூரா ஓடும். உங்க வீட்டுக்கும் வரும். நாளையிலேருந்து உங்கள வச்சுக்கறது எனக்குக் கஷ்டம்."

ஹாஃபிஸா மத்தியான இடைவேளையில் பின்பக்கமாக இறங்கி வரப்பில் நடந்தாள். ராமாயி டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். புர்காவை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் தடுமாறி வருகிற டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா டீச்சரம்மா, நடவுக்கு வந்துட்டீங்களா? கூலி பேசிக்கிட்டு எறங்குங்க."

"ராமாயிம்மா, மத்தியானத்துல நீங்க தனியாப் பாடுவீங்களே. அது நடவுப் பாட்டுதானே?"

"அதுவா? ஒப்பாரி. பின்ன என்ன, தாலாட்டா?"

"யாருக்காகப் பாடுனீங்க?"

"யாருக்குமில்ல. தை பொறந்துட்டா சாவு வீடு வரிசையா வரும். கூப்புட்டா போயிப் பாடணும்ல. தொண்டை துருப்புடிச்சிடக் கூடாதுன்னு இப்பவே பழகிக்கிட்டிருக்கேன்." நடந்ததை ஹாஃபிஸா சொல்லச் சொல்ல அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அட, எம் பாட்டு இங்கிலீஷ்கூடப் பேசுதா? பயப்படாதீங்க டீச்சரம்மா. நடவுப் பாட்டுன்னு சொல்லிடுங்க. நானும் வந்து சத்தியம் பண்றேன். அந்த வயல்ல எனக்கும் வேல வேணும்ல?"

பொய்யும் தயாராக இருந்தது, சாட்சியும் தயாராக இருந்தது. நாலு மணிக்கு ஹாஃபிஸா நேராக வைத்தியலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராஜ்குமாரின் மனைவி தங்கமணி டீ போட உள்ளே போனாள். வயலில் ராமாயி பாடியதைக் கேட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஹாஃபிஸா சொன்னதும், வைத்தியலிங்கம் சாட்சிக்கு ராமாயியைக் கூப்பிட்டு வர வயல் பக்கம் போனார். சுவரோரமாகக் கட்டிய பெட்டிகள் அப்படியே இருந்தன. அதில் ஒன்றின் மேல் ராஜ்குமார் உட்கார்ந்திருந்தான். புது பேன்ட்டை இன்னும் மாற்றவில்லை. அப்பா தெருவில் இறங்கியதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சர், ஒப்பாரின்னே சொல்லிடுங்க."

ஹாஃபிஸாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"நானாப் போகலன்னா பயந்தாங்கொள்ளின்னுவாங்க. சகுனம் சரியில்லன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஆறு வருஷம் அங்க இருந்தேன் டீச்சர். போன தடவ வந்து வாசல்ல எறங்குறேன், எம் பொண்ணு ஓடி வந்து 'வாங்க அங்கிள்'ங்குது." பிறகு சேர்த்துக்கொண்டான். "உச்சரிப்பு நல்லாத்தான் இருந்துச்சு."

ஹாஃபிஸா தன் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்கில் சாக்பீஸ் தூள் இருந்தது. நடவுப் பாட்டு என்று ஒரு வார்த்தை. அதைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டாம், ராமாயி சொல்லும்போது தலையை ஆட்டினால் போதும். நாளைக் காலை வழக்கம்போல வகுப்புக்குப் போகலாம். ஃபாஜில் கிளம்பிய அன்று அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். போகிற நேரத்தில் கண்ணீர் விடக் கூடாது என்று மாமி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவள் விடவில்லை. கார் எந்தத் தடங்கலும் இல்லாமல் கிளம்பிப் போனது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள்.

வைத்தியலிங்கம் ராமாயியோடு வந்துவிட்டார். தங்கமணியும் டீயோடு வந்து தூண் ஓரமாக நின்றாள்.

"சொல்லு ராமாயி. வயல்ல நீ பாடுறது என்ன பாட்டு?"

"நடவுப் பாட்டுங்கய்யா. வேறென்ன?" என்றாள் ராமாயி, கண்ணைச் சிமிட்டாமல்.

"கேட்டுக்கடா. டீச்சர், நீங்களும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

ராஜ்குமார் தரையைப் பார்த்தான்.

"ஒப்பாரிதாங்க" என்றாள் ஹாஃபிஸா.

ராமாயி ஹாஃபிஸாவைப் பார்த்தாள், வைத்தியலிங்கத்தைப் பார்த்தாள். இனி பொய்யைத் தனியாகச் சுமப்பதில் லாபமில்லை என்று கண்டுகொண்டாள்.

"ஆமாங்கய்யா. ஒப்பாரிதான். அதுவும் சாதாரண ஒப்பாரி இல்லீங்க. பண்ணையாரு, பஞ்சாயத்து தலைவரு மாதிரி பெரிய ஆளுங்களுக்கு மட்டுந்தான் அதப் பாடுறது."

"வாய மூடு" என்றார் வைத்தியலிங்கம். பிறகு ஹாஃபிஸா பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேவா டீச்சர் பச்சப்புள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"தெரியாமத்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இப்பத் தெரிஞ்சுக்கிட்டே இல்லன்னு சொல்ல முடியலீங்க."

"அப்ப இவன் போக வேணாங்குறீங்க."

"அத நான் சொல்லலீங்க."

ராஜ்குமார் மிகவும் துக்கமான குரலில், "சரி, விடுங்கப்பா. நம்ம கையில என்ன இருக்கு" என்றான். உள்ளே போனான். பேன்ட்டை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு கொல்லை வழியாக இறங்கியவன், பொழுது சாய்வதற்குள் வயலில் மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். தங்கமணி டம்ளரை நீட்டினாள். அந்த டீயில் சர்க்கரை அளவுக்கு மேல் இருந்தது.

மறுநாள் ஹபீப் முகம்மது கோபப்படவில்லை. அது ஹாஃபிஸாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல டீச்சர். வேலை தெரிஞ்சவங்க நீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த ஸ்கூல் ஓடுறதே வெளிநாட்டுக்குப் போறவங்கள நம்பித்தான். உங்க பாட்டக் கேட்டு ஆளாளுக்கு ஷூவக் கழட்டிட்டா நான் என்ன பண்றது?"

ஹாஃபிஸா சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைத்தாள். வீட்டுக்கு வந்தாள். பேச்சு அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ரசியா பேகம் கூடத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் போகலியாமே?"

"போகல மாமி."

ரசியா பேகம் இன்னும் இரண்டு கொத்து உருவினார்.

"சரி. பேச்சு வந்துடுச்சு. இனி வீட்டுல இரு."

ஹாஃபிஸா வீட்டில் இருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, ராத்திரி போன் வந்தது. ஃபாஜில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டான். நின்றுபோச்சு மச்சான் என்றாள். உடம்பு சரியில்லையா என்றான். உடம்பு நல்லாத்தான் இருக்கு என்றாள். மாமி பக்கத்திலேயே நின்றதால் பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

அடுத்த வாரம் சாயங்காலம் ஒன்றில் தங்கமணி, குந்தவையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குந்தவையின் மற்றொரு கையில் டிக்டேஷன் தாள் இருந்தது. அதில் சிவப்பு மை நிறைய இருந்தது.

"புது டீச்சர் பாட மாட்டேங்குறாங்களாம். வாயத் தொறந்தாலே தட்டுறாங்களாம். வாரத்துல ஏழு நாளும் தப்பா எழுதிட்டு வந்திருக்கு. சாயந்தரம் ஒரு மணி நேரம் இங்க அனுப்பவா டீச்சர்? இதுகூட இன்னும் நாலஞ்சு புள்ளைங்க வரும். எல்லா அம்மாமாரும் கேக்கச் சொன்னாங்க."

ஹாஃபிஸா மாமியைப் பார்த்தாள். ரசியா பேகம் வந்தவர்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அதன் பிறகு பேசினார்.

"புள்ளைங்க படிக்கட்டும். நான் தடுக்கல. ஆனா இந்த வீட்டுக்குள்ள அந்தப் பாட்டு கூடாது. எம் மவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

"அது நெசந்தாங்க" என்றாள் தங்கமணி. அவளுக்கு அது புரிந்தது. "அமிர்தக்கா வீட்டுல வச்சுக்கலாமா?"

"அவ மவன் மஸ்கட்டுல இருக்கான்."

"எதுத்த வீடு?"

"மருமவன் சிங்கப்பூர்."

"பள்ளிவாசல் தெருவுல நஃபீசா அக்கா?"

"ரெண்டு பேரு. அபுதாபில ஒண்ணு, புரூனேல ஒண்ணு."

மூன்று பெண்களும் தெருத் தெருவாக யோசித்துப் பார்த்தார்கள். யாரும் வெளிநாட்டில் இல்லாத வீடு ஒன்று அந்த ஊரில் அகப்படவில்லை. ஒரே ஒரு வீடு இருந்தது, அது தங்கமணியின் வீடு. ஆனால் வைத்தியலிங்கம் இருக்கும்வரை அந்த வாசலில் அந்தப் பாட்டு ஏறாது என்று தங்கமணியே சொல்லிவிட்டாள்.

"மோட்டார் கொட்டகை" என்றாள் குந்தவை.

தங்கமணியின் முகம் மலர்ந்தது. "ஆமா டீச்சர்! வயல்ல எங்க மோட்டார் கொட்டகை இருக்கு. மழை ஒழுகாது. இப்ப அவருதான் மோட்டார் போடுறாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அங்கேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் துபாய் போனதில்ல."

ரசியா பேகம் அதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்று, தெருவைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்:

"ஃபாஜில் போறப்ப இந்தப் பாட்டு உனக்குத் தெரியாமப் போச்சே."

குத்திக் காட்டுகிறாரா என்று ஹாஃபிஸாவுக்குத் தெரியவில்லை. முதுகை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குந்தவை டிக்டேஷன் தாளைப் படகு மாதிரி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போ" என்றார் ரசியா பேகம். "மஃரிபுக்கு முந்தி, இருட்டுறதுக்குள்ள வந்துடணும்."

"வந்துடுறேன் மாமி."

ஹாஃபிஸா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள். வாசற்படி இறங்கும்போது பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"வந்து எனக்கும் ஒரு தடவ பாடிக் காட்டு. வீட்டுக்குள்ள இல்ல. கொல்லையில."